இருபத்திரண்டு படிக்குக் கீழே

ஜூலை 3, புதன்
ஆபீசுக்கு ஒரு காலேஜ் பெண் வந்திருக்கிறாள். அரசு நிர்வாகம் படிக்கிறாளாம். மூன்று மாதம் ஜனங்களுக்கு வேலை செய்துகொண்டே படிக்கணுமாம், அதற்கும் மார்க்காம். முகத்தில் பாதி கண்ணாடிதான். கண்ணாடி என்றே பெயர் வைத்துவிட்டேன். இருபது வருஷமாக இங்கே பெருக்கித் துடைக்கிறேனே, எனக்கு எத்தனை மார்க் என்று கேட்டேன். அதையும் நோட்டில் குறித்துக்கொண்டாள். சரியான ஆள்.

ஜூலை 8, திங்கள்
கண்ணாடி சீட்டிலேயே உட்காருவதில்லை. மனு கொடுக்க வருகிறவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து கதை கேட்கிறாள். நான் கூட அங்கே உட்கார்ந்ததில்லை.

ஜூலை 17, புதன்
சக்கர நாற்காலி மனு ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முப்பத்தொரு மனு 'நேரில் வரவில்லை' என்று தள்ளுபடி. ஏன் வரவில்லை என்றாள். எப்படி வருவார்கள்? அந்த மனுவைப் பார்க்கிற பிரிவு மாடியில். படி இருபத்திரண்டு. தினம் துடைக்கிறேன், எனக்குத் தெரியாதா?

அதில் ஒன்று என் தம்பி மனு. லாரி இடித்ததிலிருந்து இரண்டு வருஷமாக வீட்டுக்குள்ளேயே கிடக்கிறான். நாலு பேர் தூக்கிப்போக ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான். அவளிடம் சொல்லலாமா? ஊரையே கிண்டல் பண்ற வாய், இதுக்கு மட்டும் திறக்க மாட்டேங்குது.

ஜூலை 18, வியாழன்
சொல்லிவிட்டேன்.
"முன்னாடியே ஏன்க்கா சொல்லல?"
"என்னை யாரு கேட்டா?"
கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்
லிஃப்ட் வேண்டும் என்று பதினாறு பக்கம் எழுதிக் கொடுத்தாள். பத்து வருஷம் ஆகும் என்று அதிகாரி சிரித்தாராம். அதுக்குள்ள நீயே அதிகாரியா வந்துடுவே என்றேன். சிரிக்கவில்லை. நான் சாப்பிடுகிற கீழ் ரூமில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். பழைய ரிஜிஸ்டர் என்றேன்.
"அதுங்களுக்குக் கால் வலிக்குமாக்கா?"
அட கடவுளே. இத்தனை வருஷமா அந்த ரூம் சாவி என் இடுப்புலதான இருந்துச்சு!

ஆகஸ்ட் 27, செவ்வாய்
அதிகாரி சம்மதித்ததும் நேற்று ரிஜிஸ்டரெல்லாம் மாடி ஏறின. அவள் ஒரு கட்டு, நான் ஒரு கட்டு. பிரிவு கீழே இறங்கிவிட்டது. இனிமேல் எனக்குச் சாப்பாடு மாடிப்படியில்.

இன்று தம்பி ஆட்டோவில் வந்தான். கிளார்க்கின் உருளுகிற நாற்காலியைக் கண்ணாடி வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் அவனை உட்கார வைத்தாள். கிளார்க் நின்றுகொண்டே எழுதினார். 'நேரில் வந்தார்' என்று. எத்தனை படித்தவர்கள் வந்து போனார்கள், இப்படி ஒருத்தி வரலையே.

அக்டோபர் 6, ஞாயிறு
கண்ணாடி வெள்ளிக்கிழமை காலேஜுக்குத் திரும்பிவிட்டாள். பெஞ்ச் காலியாகவே தெரிகிறது.

தம்பி, மனுவுக்குக் கிடைத்த புதுச் சக்கர நாற்காலியில் காலையில் போனவன் மத்தியானம்தான் வந்தான். சோறு ஆறிப்போச்சு, இவ்வளவு நேரம் எங்கடா சுத்தினே என்று திட்டினேன். எவ்வளவு திட்டியும் எனக்கு வாயே வலிக்கவில்லை.