பொம்மர் இல்லை, வெளியில வாங்கோ

யூன் 10, செவ்வாய்

காலையில் மூன்று புல்லு வெட்டுற மெஷின், ஒரு ஜெனரேற்றர். மத்தியானம் கொள்ளுப்பிட்டியில் இருந்து மஷூர் வந்தார். மாபிள் கடை முதலாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் ரிமோட் பிளேன் ஓட்டுகிற பைத்தியம். அவருடைய சின்னப் பிளேன்களின் எஞ்சின் எல்லாம் கொட்டாஞ்சேனையில் என் கராஜில்தான் திறந்து பூட்டுவது.

இந்த முறை பெரியது. இரண்டு வருடமாக வீட்டு மேல்மாடியில் வைத்துத் தானே கட்டியிருக்கிறார். செட்டைகளின் அகலம் எட்டரை அடி. யுத்த விமானம். எஞ்சினை மட்டும் நான் தெரிவு செய்து தரவேண்டுமாம். போனில் படத்தைக் காட்டினார்.

கண்ணாடிக் கூடு, செட்டை நுனிகளில் இரண்டு எண்ணெய்த் தாங்கி, செட்டையின் கீழே குண்டு கொழுவும் கொளுக்கிகள். ஒற்றை எஞ்சின், ஆறு சிலிண்டர். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சின்ன வயதில் காலிமுகத்திடலுக்கு மேலே அது பறந்து காட்டியதைப் பார்த்து ஆசைப்பட்டவராம். நான் அதைப் பார்த்த இடம் வேறு.

அசல் பிளேனின் சத்தம் வரவேண்டும், அது ஒன்றுதான் தன் நிபந்தனை என்றார். பார்க்கிறேன் என்றேன்.

யூன் 11, புதன்

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

யூன் 14, சனி

பின்னேரம் அக்காவும் நானும் பல்கனியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். இரத்மலானைக்குப் போகிற சின்னப் பிளேன் ஒன்று கடலோரமாக வந்தது. அக்கா கோப்பையை வைத்துவிட்டு எழும்பி உள்ளே போனாள். வெள்ளவத்தைக்கு வந்த நாளில் இருந்து இப்படித்தான். நான் மட்டும் இருந்து, ஒற்றை எஞ்சின், நான்கு சிலிண்டர், என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே சொல்வதில்லை. அது என்ன பிளேன் என்று அக்கா என்னிடம் ஒருநாளும் கேட்டதும் இல்லை.

ஒருமுறையாவது இதை எழுதி வைக்கிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு எனக்குப் பதினாலு வயது. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் எட்டு வீட்டுக்கு ஒரு பங்கர், பதுங்குகுழி. பிளேன் சத்தம் கேட்டால் எல்லாரும் இறங்குவோம், பிறகு எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். குண்டு போடுகிற பொம்மர் எது, சும்மா சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறது எது என்று நான் காதால் சொல்லுவேன். சண்டை தொடங்கி இரண்டு மாதம் ஒருமுறைகூடப் பிழைக்கவில்லை. பெரியவர்கள்கூட நான் சொல்லும்வரை வாசலில் கால் வைக்கமாட்டார்கள். எனக்கு அதில் நல்ல பெருமை.

அன்றைக்கும் சொன்னேன். பொம்மர் இல்லை, பார்க்கிற பிளேன்தான், வெளியில வாங்கோ. முதலில் ஏறினவர் அத்தான். முற்றத்தில் விட்ட சைக்கிளை எடுத்து உள்ளே வைக்கப் போனார். முதல் குண்டு அங்கேதான் விழுந்தது. அக்காவைக் கட்டி எட்டு மாதம்.

அக்கா ஒருநாளும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. நான் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. எனக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று. அந்தச் சத்தத்தில் இருந்து கண்டுபிடித்திருக்க முடியுமா, முடியாதா? முடியாது என்றால் நான் ஒரு சின்னப் பெடியன், பிழைத்துவிட்டது. முடியும் என்றால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

இதற்காகத்தான் மஷூரிடம் முடியாது என்று சொல்லவில்லை.

யூன் 19, வியாழன்

மூன்று வழி இருக்கிறது. மின்மோட்டர்: சுத்தம், லேசு, சத்தமில்லை. மஷூர் வேண்டாம் என்றுவிட்டார். ஒற்றைச் சிலிண்டர் ரூ-ஸ்ட்ரோக் பெற்றோல் எஞ்சின்: பாரம் குறைவு, பலம் தாராளம், பழுதானால் கண்ணை மூடிக்கொண்டு திருத்துவேன். கையில் இருந்த ஒன்றை மேசையில் பூட்டி ஓட்டிக் காட்டினேன். மஷூர் சிரித்தார். புல்லு வெட்டுகிற சத்தம்தான். ஏனென்றால் அது அந்த மெஷினின் இனசனம்தான்.

மூன்றாவது, ஃபோர்-ஸ்ட்ரோக், எதிரும் புதிருமாகப் படுத்த இரண்டு சிலிண்டர். விலை கூட, பாரம் கூட. ஆனால் மூக்குக்குள் அடங்கும், குரலும் தடிப்பாக இருக்கும். அசலுக்குக் கிட்ட வரக்கூடியது அதுதான் என்றேன்.

"ஒங்கட காதுக்குச் சரிண்டா எனக்கும் சரி யோகா. நான் வேற ஆர்டயும் கேக்கப் போறல்ல" என்றார்.

அவர் பாவம், நல்ல மனதோடு சொன்னார். நான் குறடு தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

யூலை 2, புதன்

சிங்கப்பூரில் இருந்து எஞ்சின் வந்துவிட்டது. சுங்கக் கடிதம், பறக்கவிடும் அனுமதி, எதிலும் என் பெயர் வேண்டாம் என்றேன். ஏன் என்று மஷூர் கேட்கவில்லை. யோகநாதன், பிறந்த இடம் யாழ்ப்பாணம், தொழில் யுத்த விமானத்துக்கு எஞ்சின் பூட்டுவது. அதை வாசிக்கிற அதிகாரிக்கு நான் எதைச் சொல்லி விளங்கப்படுத்துவது?

யூலை 5, சனி

மேசையில் பூட்டி, இருபத்திரண்டு அங்குல விசிறி போட்டு ஓட்டினேன். கராஜை மூடிவிட்டுத் தனியாக.

முழு வேகத்தில் அது வேறு ஏதோ. சந்தோசமாகக்கூட இருந்தது. பிறகு மெல்லக் குறைத்தேன். குண்டு போடத் தாழப் பதிவதற்கு முன்னால் அசல் பிளேன் அப்படித்தான் குறைக்கும். தடிப்பு போய், சத்தம் மெலிந்து, ஒரே சீராக வந்தது. பார்க்கிற பிளேன்தான், அப்படியே. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பிழைக்கத்தான் செய்யும், யாருக்கும் பிழைக்கும், என்று வாய்விட்டுச் சொன்னேன்.

நிற்பாட்டப் போன கை நின்றுவிட்டது. சீரான சத்தத்துக்குள்ளே ஒரு இடறல். ஒரு அடி, ஒரு அடி, ஒரு சின்னத் தடுக்கல். கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் கேட்கும். பார்க்கிற பிளேனில் அது இல்லை.

அன்றைக்கும் அந்த இடறலைக் கேட்டேனா?

யூலை 6, ஞாயிறு

கேட்டேன் என்று நினைக்கிறேன். எட்டு வீட்டுச் சனமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, உடனே சொல்லவேண்டும் போல இருந்தது, சொல்லிவிட்டேன்.

இல்லை, கேட்கவில்லை. ஒரு விளையாட்டுப் பிளேனின் எஞ்சினை மேசையில் வைத்து முப்பத்தைந்து வருடத்துக்கு முந்திய சத்தத்தை விசாரிக்க முடியுமா? நேற்றுக் கேட்டதை அன்றைக்குக் கேட்டதாக மனம் ஒட்டிப் பார்க்கிறது. இன்னொரு காது வேண்டும். அந்தப் பங்கரில் இருந்த மற்றவர்கள் கனடாவில், இல்லாவிட்டால் உயிரோடு இல்லை. மிச்சம் அக்கா ஒருத்திதான். அவளிடம் கேட்கிற துணிவு எனக்கு இந்தப் பிறப்பில் வராது.

யூலை 9, புதன்

கேட்கவேண்டி வரவில்லை.

காலையில் பிறசர் குளிசையை வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். அக்கா பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு வருவாள் என்று நான் எங்கே கண்டேன்! எஞ்சின் அரை வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்க்க, வாசலில் குளிசைப் பையோடு நிற்கிறாள். எவ்வளவு நேரம் நின்றாளோ.

நிற்பாட்டப் போனேன். கையைக் காட்டி மறித்தாள். உள்ளே வந்து, எண்ணெய்ப் பீப்பாவில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"தம்பி, கொஞ்சம் குறை."

குறைத்தேன்.

"இன்னும் கொஞ்சம்."

அந்த இடறல் வந்தது. அக்கா கண்ணை மூடினாள். "இதுதான்" என்றாள். நிற்பாட்டினேன். தெருவில் மீன்காரன் கூவிக்கொண்டு போனான். அந்தக் கூவல் தூரத்தில் மறைந்தது. பிறகு அவள்தான் தொடங்கினாள்.

"எனக்கு அண்டைக்கே தெரிஞ்சது, பொம்மர்தான் எண்டு. நீ இல்லை எண்டு சொன்னாய். உன்ர காது பிழைக்காது எண்டு ஒழுங்கையே சொல்லும், நான் ஆர் இடையில சொல்ல? அவர் ஏறமுந்தி என்ர முகத்தைப் பார்த்தவர். நான் ஓமெண்டு தலையாட்டினனான்."

குளிசையை மேசையில் வைத்துவிட்டு, சாப்பிட்ட பிறகு போடு, மறந்துவிடாதே என்றாள். பஸ் தரிப்புவரை கூடப் போனேன். பஸ் வந்ததும் ஏற்றிவிட்டேன்.

யூலை 10, வியாழன்

முதலில் எனக்கு வந்தது கோபம். எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் கோபம்தான். ஒரு சொல், அக்கா. ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தா அத்தான் ஏறியிருக்கமாட்டாரே. பதினாலு வயதுப் பெடியன்ர வாயைப் பார்த்து நிண்டனீங்கள், எல்லாரும்—

முப்பத்தைஞ்சு வருசம் ஒரு வீட்டில இருந்து ஒரு சட்டிச் சோறு திண்டிருக்கிறம். நான் நினைச்சன், என்னை நோகப்பண்ணக்கூடாதெண்டு அவள் கதைக்கிறேல்லை எண்டு. அவள் தன்ர பிழையை நினைச்சுக்கொண்டெல்லோ இருந்திருக்கிறாள். கலியாணம் பேசி வந்த ரெண்டு இடத்தையும் வேண்டாமெண்டது அதாலதானே? நான் கட்டாமல் நிண்டதும் அதாலதான்.

கண்டுபிடித்திருக்க முடியும். பதில் அதுதான். அக்காவுக்கே தெரிந்திருக்கிறது என்றால் எனக்கு எப்படித் தெரியாமல் போகும்?

யூலை 15, செவ்வாய்

மஷூரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதிரையில் இருந்தபடி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்த பிறகு மெதுவாக, "இத முந்தியே செல்லியிருந்தா, நான் இந்தப் பிளேனக் கட்டியே ஈக்கமாட்டன்" என்றார்.

கட்டினது கட்டினதுதான், பறக்கட்டும், ஆனால் ரூ-ஸ்ட்ரோக்கைப் பூட்டுங்கள் என்றேன். அந்த எஞ்சினை என்ன செய்வது என்று கேட்டார். திருப்பி அனுப்பச் சொன்னேன். அவர் போகும்போது என் தோளில் கையை வைத்தார். எஞ்சினைக் கழற்றி, மேசையின் துளைகளைத் துடைத்து, கூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அக்கா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்தேன்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

வத்தளைக்கு அப்பால் உள்ள வெளியில் பறந்ததாம். நான் போகவில்லை. மஷூர் போன் எடுத்தார். நன்றாக ஏறியது, நன்றாக இறங்கியது. உருவம் அச்சு அசல், சத்தம்தான் புல்லு வெட்டுகிற மெஷின், எஞ்சின் தெரிவு செய்தவனுக்குக் காது கேட்காதா என்று அங்கே ஒருவர் கேட்டாராம். தான் ஒன்றும் சொல்லவில்லை என்றார்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

அத்தானின் திவசம். பிள்ளை இல்லாதவர் என்று எள்ளும் தண்ணியும் இறைப்பது நான்தான், பதினைந்து வயதில் இருந்து. ஐயர் பெயர் கேட்டபோது சவுந்தரநாயகம் என்று அக்கா சொன்னாள். மற்ற வருடங்களில் நான் சொல்லுவேன், அவள் தூணுக்குப் பின்னால் நிற்பாள். இன்றைக்குப் பக்கத்தில் நின்றாள்.

பின்னேரம் பல்கனியில் தேத்தண்ணி. கடல் பக்கமாகச் சத்தம் கேட்டது. அக்கா எழும்பவில்லை. கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தாள்.

"அது என்ன பிளேன், தம்பி?"

ஒற்றை எஞ்சின். ஆறு சிலிண்டர். இறங்குவதற்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டு வருகிறது.

"தெரியேல்லை, அக்கா."

"எனக்கும் தெரியேல்லை" என்றாள். "எழும்பு, உள்ள போவம்."

கோப்பைகளை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே போனோம். சத்தம் முழுதாக அடங்கும்வரை குசினியில் நின்றோம்.