நாலாவது படத்துக்கும் ஐந்தாவது படத்துக்கும் நடுவில்

காஜா பேராங், மலாக்கா
6-10-1957

அன்பு மகள் கமலவேணிக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நடமாடிக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். ஆஸ்பத்திரியில் இரண்டாம் வருஷப் பரீட்சை எழுதிவிட்டேன் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இந்தக் கடிதத்தை வியாழக்கிழமையே எழுத உட்கார்ந்தேன், இரண்டு வரி எழுதுவதற்குள் எழுந்துவிட்டேன், அடுப்பைப் பார்த்தேன், வாசலைப் பார்த்தேன், திரும்ப உட்கார்ந்தால் என்ன எழுத வந்தேன் என்று மறந்துவிட்டது. ஒரு மாதமாக எனக்கு இப்படித்தான் இருக்கிறது. குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டு அப்பாவிடம் பேச்சு வாங்கினேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

மெர்டேக்கா அன்றைக்கு, நாட்டுக்குச் சுதந்திரம் வந்த அன்றைக்குப் பண்டார் ஹிலிர் திடலில் கூடுகிற மொத்தக் கூட்டத்தையும் ஒரே நீளப் படமாக எடுத்துத் தர வேண்டும் என்று ஜாலான் பெண்டஹாரா வியாபாரிகள் சங்கத்தார் நம் போட்டோக் கடைக்கு வந்து அப்பாவிடம் கேட்டிருந்தார்கள். இந்தக் கோடியில் கிளப் கட்டடம், நடுவில் குன்று, அந்தக் கோடியில் மரங்கள், அத்தனையும் ஒரே படத்தில் வர வேண்டுமாம். நம் கேமராவுக்கு அவ்வளவு அகலமான கண் ஏது? கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஏழு படம் எடுத்து, ஒன்றின் ஓரம் அடுத்ததின் ஓரத்தில் ஏறுகிற மாதிரி வைத்து ஒட்டலாம் என்று அப்பா ஒத்துக்கொண்டார். தையல் மிஷின் பழுது பார்க்கிற ரஹீம் பாய் அதற்காக ஒரு பித்தளைத் தட்டுக் கடைந்து கொடுத்தார். முக்காலியின் தலையில் அதைப் பூட்டி மேலே கேமராவை வைத்தால், ஒவ்வொரு பல்லுக்கும் டக் என்று நின்று நின்று திரும்பும். முதலில் நம் தெரு முனையில் எடுத்துப் பார்த்தபோது கிட்டத்தில் இருந்த விளக்குக் கம்பம் ஒரு படத்தில் கடை வாசலிலும் அடுத்த படத்தில் கடையின் சுவரிலும் நின்றது, எப்படி ஒட்டினாலும் கம்பம் இரண்டாகத் தெரிந்தது. அப்பா மூன்று நாள் சாப்பாடு தண்ணீர் மறந்து அலைந்தார். கேமரா தன் உடம்பின் நடுவை வைத்துச் சுற்றுகிறது, முன்னால் இருக்கிற கண்ணாடியை நடுவாக வைத்துச் சுற்ற வேண்டும், அதுதான் கோளாறு என்று கண்டுபிடித்து, ரஹீம் பாயிடம் சொல்லித் தட்டின் மேல் ஒரு சறுக்குப் பலகை போட்டுக் கேமராவை இரண்டு விரல்கடை பின்னால் தள்ளினார். அதற்குப் பிறகு கம்பம் வைத்த இடத்திலேயே நின்றது. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சிரிப்பை நீ பார்க்கவில்லையே என்று நினைத்தேன்.

மெர்டேக்காவுக்கு இரண்டு நாள் முன்னால் திடலில் மூங்கில் மேடை கட்டும்போது ஏணி சரிந்து அப்பா விழுந்தார். போன கடிதத்தில் சுளுக்கு என்று எழுதியிருந்தேன், சுளுக்கு இல்லை, வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது, மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. நீ அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாய் என்றுதான் அப்படி எழுதினேன். சங்கத்தாரிடம் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடலாம் என்றேன். அப்பா, "இருபது வருஷமா இருட்டறையில எல்லாப் படத்தையும் கழுவுறது நீதானே. ஏறு மேல" என்றார். ஏறினேன் வேணி. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு ஆள் உயர மேடையில் ஏறி நின்றேன். கீழே அவ்வளவு சனம். ஈரப் புல்லும் புதுத்துணியும் கலந்த வாசனை மேலே வரைக்கும் வந்தது.  அப்பா கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே நின்று, பிலிமைச் சுற்று, தட்டைத் திருப்பு, தட்டு மட்டமா என்று நீர்க்குமிழியைப் பார், மூச்சை அடக்கு, அமுக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாலாவது படம் எடுத்து முடித்ததும் ஒரு மேகம் வெயிலை மறைத்தது. வெளிச்சத்தைக் கூட்டலாமா என்று கேட்டேன். ஒன்றையும் தொடாதே, தொட்டால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வானம் இருக்கும் என்றார். மேகம் விலகட்டும் என்று எண்ணிக்கொண்டு நின்று, விலகாததால் அப்படியே ஐந்தாவதை எடுத்தேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் கூட்டத்தில் நடந்தது எதுவும் என் கண்ணில் படவில்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை மதியம் இருட்டறையில் உட்கார்ந்தேன். நாலாவது படத்தின் வலது ஓரத்தில், ஒரு லோரிக்குப் பக்கத்தில், இரண்டு முழங்கையையும் பிடித்துக்கொண்டு ஒருவன் நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். முகம் ஓர் உளுந்து அளவுதான் இருக்கும். எனக்கு முகம் வேண்டியதில்லை, அந்த முழங்கையைப் பிடிக்கிற விதம் போதும். உன் தம்பி தேவதாஸ். ஐந்தாவது படத்தின் இடது ஓரத்திலும் அவனே இருக்கிறான், நாலு எட்டுத் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு. மேகத்துக்காக நான் நின்ற நேரத்தில் அவன் நடந்திருக்கிறான். படத்தைத் தண்ணீரில் போட மறந்து மருந்திலேயே விட்டேன், அது கறுத்துப் போய்விட்டது. திரும்ப ஒன்று போட்டேன்.

நீ கப்பலேறிய மூன்றாம் மாதம் அவன் வீட்டைவிட்டுப் போனதை அப்போது உனக்குப் பாதிதான் எழுதினேன். துறைமுகத் தொழிலாளர் கூட்டத்துக்கு அவன் போகிறான் என்று விசாரிக்கப் போலீஸ் இரண்டு தரம் கடைக்கு வந்தது. அவசரகாலச் சட்டம் இருக்கிற நாளில் கடையை மூடிவிடுவார்களோ, இவனைப் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்களோ என்று அப்பாவுக்குப் பயம். பயத்தைப் பயமாகச் சொல்லத் தெரியாத மனுஷர், இனிமேல் இந்த வாசலை மிதிக்காதே என்று சொல்லிவிட்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டரை வருஷம் ஒரு வரி கிடையாது. உயிரோடு இருக்கிறானா என்றுகூட எனக்குத் தெரியாது.

அப்பாவிடம் நான் உடனே சொல்லவில்லை. நான்தான் ஆசையில் வேறு யாரையோ பார்க்கிறேனோ என்று ஒரு சந்தேகம், அவன்தான் என்றால் அப்பா என்ன சொல்லுவாரோ என்று இன்னொரு பயம். ஒட்டுப் போடுகிற இடத்தைக் குறிக்க அவர் படங்களைக் கேட்டபோதெல்லாம் இன்னும் காயவில்லை, ஓரம் சுருண்டிருக்கிறது என்று சாக்குச் சொன்னேன். அவர் வெளியே போன நேரம் பார்த்து அந்த மூலையை மட்டும் பெரிதாக்கினேன். லோரியின் கதவில் எழுத்து தெரிந்தது. ரஹீம் பாயிடம் காட்டினேன். பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஊருக்கு வெளியே செங் பக்கத்துப் பலகை ஆலை லோரி என்றார். அவரும் பையனைக் கண்டுகொண்டார், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை, படத்தை மடிக்காமல் ஓர் அட்டைக்குள் வைத்துக் கொடுத்தார்.

போன மாதம் பதினைந்தாம் தேதி ஞாயிறு, கோயிலுக்கு என்று அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டுச் செங்குக்குப் பஸ் ஏறினேன். ஆலையில் ஞாயிற்றுக்கிழமையும் லோரி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உன் தம்பி கையில் நோட்டை வைத்துக்கொண்டு பலகை எண்ணிக்கொண்டு நின்றான். மெலிந்திருக்கிறான், மீசை வைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் நோட்டைப் பலகை மேல் வைத்துவிட்டு அப்படியே நின்றான். வழியெல்லாம் பேச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டு போனவள் படத்தைத்தான் நீட்டினேன். பார்த்துவிட்டுச் சொன்னான், "மேல நின்னது நீதான்னு தெரிஞ்சதும்மா. கூப்பிட்டா உன் கை ஆடிரும், படம் கெட்டுப்போயிரும். அதான் அசையாம நின்னேன்." பிறகு ஏன் முதுகைக் காட்டிக்கொண்டு போனாய் என்று கேட்டேன். அப்பா எங்கே, நீ ஏன் மேலே நிற்கிறாய் என்று நேரே வர வழியில்லாமல் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு அவரைத் தேடித்தான் நடந்தானாம். மேடையடிக்குப் பத்தடி தூரம் வரைக்கும் வந்தானாம். கட்டுப்போட்ட கையோடு அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தாராம், திரும்பவே இல்லையாம். "நான் போய் நின்னு அவரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா, அந்த நாளுல எனக்கு அது வேணாம்னு தோணுச்சு" என்றான்.

அப்புறம்தான் அவன் அதைச் சொன்னான். நீ கவலைப்படாதே அம்மா, அக்காவுக்கு மாதம் ஒரு கடிதம் போடுகிறேன், அவளுக்கு எல்லாம் தெரியும் என்றான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்ததும், சொல்லியிருக்கக் கூடாதோ என்று தயங்கினான். வேணி, திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு வந்த கோபத்தை உன்னிடம் மறைக்க மாட்டேன். தம்பியைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று ஒவ்வொரு கடிதத்திலும் நான் கேட்டேன், தைரியமாக இரு அம்மா என்று மட்டும் நீ எழுதினாய். சொல்லக் கூடாது என்று அவன் உன்னிடம் சத்தியம் வாங்கியிருந்தானாம். பத்தொன்பது வயசில் போன பெண் சீமையில் நோயாளிகளைத் தூக்கிப் படுக்க வைத்துக்கொண்டு இதையும் சேர்த்துச் சுமந்தாளே என்று நினைத்தபோது, பஸ் பாலம் தாண்டுவதற்குள் கோபம் அழுகையாகிவிட்டது. பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மா தன் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலமே நாலாவதையும் ஐந்தாவதையும் மேசையில் அப்பா முன்னால் வைத்தேன். போய்ப் பார்த்துவிட்டு வந்ததையும் சொன்னேன். பூதக்கண்ணாடியை இடது கையில் பிடித்துக்கொண்டு குனிந்தார், நிமிரவே இல்லை. பத்தடி தூரத்தில் வந்து நின்றான் என்றதும், எந்தப் பக்கம் என்று கேட்டார். எந்தப் பக்கம் என்று நான் அவனிடம் கேட்கவில்லை. அதற்கு என்னைக் கோபித்தார். ஒட்டை அந்த லோரியை ஒட்டி நிற்கிற தூங்குமூஞ்சி மரத்தின் அடிமரத்தில் போடுவதுதான் சுலபம், கோடு தெரியாது. ஆனால் அங்கே வெட்டினால் அவன் முகம் போய் முதுகு மட்டும் நிற்கும். அவனைத் தாண்டி வெட்டினால் முகம் நிற்கும், முதுகு போகும். நான் முகத்தை வைக்கலாம் என்றேன். அப்பா இடது கையால் பென்சிலை எடுத்து இரண்டு பேருக்கும் நடுவில் கோணல்மாணலாக ஒரு கோடு போட்டார். ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்பான், எடுத்தவனுக்கு வேலை தெரியவில்லை என்பார்களே என்றேன். "சொல்லட்டும். முகமும் இருக்கட்டும், போனதும் இருக்கட்டும்" என்றார். ஓரங்களை உப்புத்தாளில் தேய்த்து மெலிதாக்கிப் பசை போட்டு நான்தான் ஒட்டினேன். இப்போது அது சங்கத்துக் கூடத்தில் தொங்குகிறது. சனம் வந்து தங்கள் தங்கள் தலையைத் தேடுகிறார்கள். இந்த ஆள் இரண்டு தரம் இருக்கிறானே என்று செயலாளர் கேட்டதற்கு, அது என் மகன், இரண்டு தரம் இருக்கலாம் என்றாராம் அப்பா. ரஹீம் பாய் வந்து சொன்னார்.

அப்படிச் சொன்ன மனுஷர் செங்குக்கு வர மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். எனக்கு மறுபடியும் இருப்புக்கொள்ளவில்லை. வாசலில் லோரிச் சத்தம் கேட்டால் போதும், எழுந்துவிடுவேன். போன புதன்கிழமை பத்து மணி இருக்கும், பத்து பெரெண்டாம் என்கிற ஊரில் பலகை இறக்கிவிட்டுத் திரும்புகிற வழியில் லோரியை எதிரே நிறுத்திவிட்டு அவனே வந்தான். கடை வாசலில் ஏறாமல் கீழேயே நின்றான்.  அப்பா உள்ளே இருந்து பார்த்தார்.  பிறகு அப்பா சொன்னார், "படமெல்லாம் தண்ணியில கெடக்கு. எனக்குக் கை ஆகாது. கையக் கழுவிட்டு உள்ள வா." அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். இரண்டு பேரும் இருட்டறையில் ஒரு மணி நேரம் இருந்தார்கள். நான் கதவில் காதை வைத்துக் கேட்டேன், வெட்கமில்லை எனக்கு. இதைத் தூக்கு, அதை விடு, இன்னும் கொஞ்சம் என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. வெளியே வந்தபோது அப்பாவின் மாவுக்கட்டைக் கழுத்தோடு தாங்குகிற துணியின் முனை அவிழ்ந்திருந்ததை அவன் முடிந்துவிட்டிருந்தான். சாப்பிட்டான், மீன்குழம்பு, இரண்டாம் தரமும் சோறு வாங்கினான். தங்கச் சொன்னேன், வேலை இருக்கிறது என்று போய்விட்டான். தீபாவளிக்கு வருவானா என்று நான் கேட்கவில்லை, கேட்டு அவன் யோசித்தால் அதை என்னால் பார்க்க முடியாது.

இங்கே மற்றபடி, அப்பா குடியுரிமைக்கு எழுதிக் கொடுக்கிற பாரம் வாங்கி வைத்திருக்கிறார், இடது கையால் எழுதினால் கிறுக்கலாக இருக்கும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார். எழுதுகிறதற்கு ஆள் வந்துவிட்டான், இனிமேல் அந்தச் சாக்கு நடக்காது. நீ ஓவர்கோட்டை இரவல் கொடுக்காதே. ராத்திரி வேலை முடிந்து வந்தால் சூடாக ஏதாவது குடித்துவிட்டுப் படு.

ஒன்று கேட்கிறேன், தட்டாதே. தம்பி உனக்கு எழுதிய கடிதங்கள் உன்னிடம் இருக்கிறதா? அவன் போன பிறகு அப்பா கடைக் கதவைச் சாத்திக்கொண்டே, வேணி அந்தக் கடுதாசியெல்லாம் வைத்திருப்பாளா, கிழித்திருப்பாளா என்று கேட்டார். தெரியாது என்றேன். மறுநாள் காலை பல் விளக்கிக்கொண்டு மறுபடியும் கேட்டார். இரண்டரை வருஷம் அவன் எங்கே படுத்தான், என்ன சாப்பிட்டான், எங்களைப் பற்றி ஒரு வார்த்தையாவது கேட்டானா என்று அவன் வாயிலிருந்து பிடுங்க எங்கள் இரண்டு பேருக்கும் துணிச்சல் இல்லை. எங்களைத் திட்டி எழுதியிருந்தாலும் பரவாயில்லை, அந்தப் பக்கங்களை எடுத்து வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் அனுப்பு. நான் அப்பாவுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

மாரியம்மன் உன் பக்கத்திலேயே இருந்து காப்பாளாக. தீர்க்காயுசோடு, படித்த படிப்பு கைகொடுக்க, நீ நன்றாக இருக்க வேண்டும். கடிதங்களை மறக்காமல் ரிஜிஸ்டர் தபாலில் போடு.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அம்மா
பூங்காவனம்