மருமகள் சொன்ன சாட்சி

கொடியில் பேரனின் துணிகள் காய்கின்றன. உப்பளக் காற்றில் அப்பளம் மாதிரி விறைத்துவிட்டன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தேன். நம் மகனுக்கு உடுத்தும் முன் நீயும் இப்படித்தான் தேய்த்து மெதுவாக்குவாய். உடனே உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆமாம், நானேதான் எழுதுகிறேன்! நீ கர்த்தரிடம் போனபின், சபையில் நடக்கும் சாயங்கால வகுப்பில் கற்றுக்கொண்டேன். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிப்போகிறது. முதலில் உன் பெயரை எழுதிப் பார்த்துத் தனியாகச் சிரித்தேன்.

ஆனால் இன்று பயந்துபோய் எழுதுகிறேன்.

நம் மருமகள் குழந்தையோடு தாய்வீட்டிலிருந்து வந்ததிலிருந்தே சரியில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். குழந்தை அழுதால் தூளி வரைக்கும் போய் நின்றுவிடுவாள். மகன் ஆரோவில்லுக்கு வேலைக்குப் போனபின் வீட்டில் பெரியவர்கள் என்று நாங்கள் இருவர்தான். "என்னம்மா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல மாமா" என்பாள். இதே குரலில் நீ சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

மகன் பிறந்து, நீ மறுபடி உப்பளத்து வேலைக்கு வந்த புதிது. பூவரச மரத்தில் கட்டிய தூளியில் மகன் கத்துகிறான். நீ வரப்பில் நின்று கால்வாயையே பார்க்கிறாய். கிட்டே வந்தேன். "ஏங்க, இந்தப் புள்ளைய இங்கயே போட்டுட்டு எங்கனா ஓடிடுவேன் போலருக்குது. பயமா இருக்குதுங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, பிசாசு புடிச்சிருக்குதுன்னுவாங்க" என்றாய். சொல்லமாட்டேன் என்றேன். அடுத்த ஞாயிறு, பிள்ளை பெற்றவர்கள் எல்லோரையும்போல நீயும் சபை முன்னால் நின்று சாட்சி சொன்னாய்: "கர்த்தர் சுகமா புள்ளைய தந்தாரு." எல்லாரும் கை தட்டினார்கள். உன் முந்தானை நடுங்கியது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

மெல்ல மெல்லத் தேறினாய். நர்சம்மா கொடுத்த மருந்தா, நான் தூளி ஆட்ட நீ தூங்கிய மத்தியானங்களா, ஆண்டவரா, எது காரணம் என்று கேட்டேன். "மருந்தையும் தூக்கத்தையும் அனுப்பினது யாராம்?" என்று சிரித்தாய்.

போன ஞாயிறு மருமகளின் முறை. மைக்கைப் பிடித்தாள். "புள்ள நல்லாருக்குது. எனக்குத்தான் பயமா இருக்குது. நானே இவன ஏதாவது பண்ணிடுவேனோன்னு பயமா இருக்குது" என்றாள்.

சாட்சி முடிந்தால் கை தட்டிப் பழக்கமல்லவா? "அல்லேலூயா!" என்று சபை மொத்தமும் தட்டிவிட்டது. பிறகுதான் காதில் விழுந்ததுபோல, கைதட்டல் அங்கங்கே அறுந்து நின்றது.

"அப்படிலாம் பேசக் கூடாதும்மா. விசுவாசமா ஸ்தோத்திரம் சொல்லு" என்றது முன்வரிசை.

அவள் தலை கவிழ்ந்தது. இனி இந்தப் பெண் வாயே திறக்கமாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. எழுந்தேன். "எங்க வீட்டம்மாவும் இதையேதான் சொன்னா. அவளுக்குப் பிசாசும் புடிக்கல, விசுவாசமும் குறையல" என்றேன். உனக்குக் கொடுத்த வாக்கு அங்கே போயிற்று.

"யாரு, மேஸ்திரியவே வரப்பு வரப்பா வெரட்டுனாளே, அவளா பயந்தா?" என்றாள் உன்னோடு உப்பு வாரிய கிழவி ஒருத்தி. சிலர் சிரித்தார்கள். அப்புறம் அவளே எழுந்துபோய் மருமகள் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, "நீ உக்காரு கண்ணு" என்றாள்.

"நெசமாவா மாமா? அத்தையா?" என்று மருமகள் என்னைப் பார்த்து அழுதாள்.

மறுநாளே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். இது பிரசவத்துக்குப் பின் வருகிற நோய்தான், குணமாகும், தனியாக மட்டும் விடாதீர்கள் என்றார் டாக்டரம்மா. மகன் லீவு போட்டிருக்கிறான். சபைப் பெண்கள் முறை வைத்து வருகிறார்கள். ஜெபம் செய்கிறார்கள், குழந்தையைக் குளிப்பாட்டுகிறார்கள், பாத்திரம் தேய்க்கிறார்கள்.

எனக்குப் பயம் போகவில்லை. அவள் தூங்கினால்கூட அடிக்கடி எட்டிப் பார்க்கிறேன். சற்றுமுன் கண் விழித்து, "மாமா, அத்தைக்கு எப்ப சரியாச்சு?" என்று கேட்டாள். எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன்.

"அது ஞாபகம் இல்லம்மா. ஆனா சரியாச்சு" என்றேன்.

அதைத்தான் எனக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.