வால்பாறை ஏறும்போது உங்களை அவிழ்த்தேன்

ஏனுங்க, உங்களைத்தானுங்க,

கல்யாணம் ஆன நாளிலிருந்து உங்கள் பேரை நான் வாயால் சொன்னதில்லை. இப்போது மட்டும் எதற்குச் சொல்ல வேண்டும்? இதை எத்தனை பேர் படித்தாலும் சரி, நான் ‘ஏனுங்க’ என்றால் திரும்ப வேண்டிய ஆள் நீங்கள் ஒருவர்தான்.

ஓர் இடத்தில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. இரண்டு வரி எழுதுவதற்குள் எழுந்துபோய் முன்னறையை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். அங்கே யார் படுத்திருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். என் அக்கா ராமாத்தாள். ஆமாம், அவளேதான். கோபப்படுவதற்கு முன்னால் கொஞ்சம் கேளுங்கள். வண்டி சங்கதியும் இதில் இருக்கிறது. வண்டி என்றால்தானே உங்களுக்குக் காது கேட்கும்?

அக்கா வால்பாறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். முதுகெலும்பில் அடி. பிடித்துக்கொண்டு நாலடி நிற்கலாம், உட்காரவே கூடாது, படுத்துத்தான் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புருசன் போய்ச் சேர்ந்தாயிற்று, பிள்ளையும் இல்லை. இந்த நேரம் பார்த்து எஸ்டேட்டில் வேலையாட்களுக்குக் கொடுத்த லைன் வீடுகளை இடிக்கப் போகிறார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் காலி பண்ணச் சொல்லி ஆள் வந்துவிட்டது. தேயிலை பறித்தே கிழவியானவளுக்கு இருந்தது அந்த ஒற்றை அறைதான்.

ஆம்புலன்ஸ் வைத்துக் கூட்டி வருகிறேன் என்று நம் பையன் முருகேசன் போனில் சொன்னான். “பொணமாட்ட எறங்கி வர மாட்டேன் சாமி. நான் இங்கயே கெடந்துக்கறேன்” என்றாள். அவள் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததா? கட்டில் போட்ட வண்டி ஒன்று நம் வாசலில் நிற்கும்போது நான் எதற்கு யோசிக்க வேண்டும்?

முருகேசனுக்குக் காது குத்திய நாளை நீங்கள் மறந்திருக்கலாம். எனக்கு அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பில் உப்பு ஒரு கல் கூடியதுகூட ஞாபகம் இருக்கிறது. அக்கா ஊதாச் சேலை கட்டி, பஸ் மாறி மாறி சூலூர் வந்து இறங்கினாள். சீராக அவள் கொண்டு வந்தது ஒரு பொட்டலம் தேயிலைத் தூள். பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி நீங்கள் சொன்னீர்கள்: “மூத்தவ தங்கமே கொண்டாந்துட்டாங்க பாருங்க, எல்லாரும் கொதிக்க வெச்சுக் குடிங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. “சீரப் பாக்கற கண்ணால எந்தங்கச்சி கை காச்சுக் கெடக்கறதையும் ஒருக்காப் பாருங்க மாப்பள” என்றாள். நான் அப்போது தறிக்கும் போய்க்கொண்டிருந்தேன், காட்டு வேலைக்கும் போய்க்கொண்டிருந்தேன். உங்களுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. “இனி இவ இந்த ஊட்டு வாசல மிதிச்சா, நான் இந்த ஊட்ல இருக்க மாட்டேன்” என்று சத்தியம் பண்ணினீர்கள்.

அதற்கப்புறம் நானும் அக்காவும் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில்தான் அக்கா தங்கச்சியாக இருந்தோம். அவள் மலையிலிருந்து இறங்கி வருவாள், நான் இங்கிருந்து போவேன். பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு பொட்டலம் சோறு தின்றுவிட்டு, எதிரெதிர் பஸ் ஏறுவோம். இதை நான் உங்களிடம் சொன்னதில்லை. தெரிந்தே கேட்காமல் இருந்தீர்களா, தெரியாமலே இருந்தீர்களா?

வண்டிக்கு வருகிறேன். ஆயுசு முழுக்க மில் வேனில் கிளட்ச் மிதித்து முட்டி தேய்ந்து போனதால்தான் ஆட்டோமேட்டிக் கியர் வேனாகத் தேடி வாங்கினீர்கள். சீட்டுகளைப் பிடுங்கிவிட்டுக் கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர் டேங்க், கூரையில் சோலார் தகடு என்று ஒரு வீட்டையே அதன் தலையில் ஏற்றினீர்கள். பாரம் தாங்காமல் மருதமலை ஏறும்போதே கியர் ஆயில் கொதித்துவிட்டது. அதற்குத்தானே முன்பக்கம் பம்பருக்குக் கீழே அந்த ஆயில் கூலரை மாட்டினீர்கள்? காற்று அதற்குள் பூந்து போனால்தான் ஆயில் ஆறும் என்று எனக்குக் குனிந்து காட்டினீர்கள். சூடு காட்டுகிற மீட்டரை என் சீட்டுக்கு நேராக வைத்தீர்கள். “ரோட்ட நான் பாக்கறேன், முள்ள நீ பாரு.” எத்தனை பயணம் போனோம்! ஒரு கோயிலையாவது ஜன்னல் வழியாக நான் பார்த்திருப்பேனா? முள்ளைத்தான் பார்த்தேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். முருகேசன் ஓட்டினான், நான் என் சீட்டில் இருந்தேன். ஆழியாறு வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. மலை ஏறுமுன் நீங்கள் சொல்லி வைத்ததையெல்லாம் அவனைச் செய்ய வைத்தேன். பாரம் குறைய டேங்க் தண்ணீரைத் திறந்து விட்டோம், ஏசியை அணைத்தோம், கியரை மெதுவாக இழுக்கிற ‘எல்’லுக்கு இறக்கினோம். அப்படியும் முதல் வளைவுகளிலேயே முள் கிளம்பிவிட்டது.

“சாமி, முள்ளு ஏறுது.”

“மலைன்னா ஏறத்தானுங்கம்மா செய்யும்.”

“உங்கப்பன் வண்டில இப்படி ஏறாது.”

“இது ஆரு வண்டிங்கம்மா, எதுத்த ஊட்டுக்காரன் வண்டியா? இதும் எங்கப்பன் வண்டிதானுங்க!”

சிவப்பைத் தொட்டதும் நிறுத்தச் சொன்னேன். என்ஜினை அணைக்க விடவில்லை. நியூட்ரலில் போட்டு ஓட விட்டால்தானே ஆயில் சுற்றி ஆறும்? ஆறியது, கிளம்பினோம், இரண்டு வளைவு தாண்டுவதற்குள் மறுபடியும் சிவப்பு. இந்தத் தடவை தீய்ந்த எண்ணெய் வாசம் வேறு. என்ஜின் சூடு ஒழுங்காக இருக்கிறது, கியர் ஆயில் மட்டும் கொதிக்கிறது. அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை, எனக்கும்தான்.

மூன்றாவது தடவை நிறுத்தியபோது அவன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டான். “அம்மா, கியர்பாக்ஸ் போயிருச்சுன்னா இங்கயே குடியிருக்க வேண்டியதுதானுங்க. மெதுவாக் கீழ எறங்கிரலாம். நாளைக்கு வேற வண்டி பாக்கலாம்.”

“நாளைக்கு வெள்ளிக்கிழம. சாமானத் தூக்கி வெளிய வெச்சுப்போட்டுக் கதவப் பூட்டிருவாங்க. படுத்துட்டு வாரதுக்கு நாளைக்கு எந்த வண்டி கண்ணு வரும்?”

சாலையோரச் சுவர்மேல் ஒரு வரையாடு நின்று, எதையோ மென்றபடி எங்களையே பார்த்தது. எனக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை. “எறங்காதீங்கம்மா, பஸ்ஸு வரும்” என்று அவன் கத்தக் கத்த இறங்கி, கூலரைத் தொட்டுப் பார்க்கலாமென்று வண்டிக்கு முன்னால் போனேன்.

கூலர் எங்கே? நீங்கள்தான் இருந்தீர்கள்.

உங்கள் வருஷ நினைவுக்கு முருகேசன் அடித்த பிளெக்ஸ் அது. ஆசைப்பட்டு வண்டி முகப்பில் கட்டி ஊரைச் சுற்றி வந்தவன், அவிழ்க்காமலே மலைக்கும் கொண்டு வந்துவிட்டான். வாழ்நாளில் நீங்கள் போடாத கோட்டை கம்ப்யூட்டரில் மாட்டி, மீசைக்கு மை பூசி வைத்திருந்தார்கள். மேல் கயிறு தளர்ந்து, படம் பம்பருக்குக் கீழே தொங்கிவிட்டது. கூலரின் விசிறி உங்களை உள்ளே இழுத்துப் பிடித்திருந்தது. உங்கள் மூக்கும் மீசையும் காற்று புகுகிற வழியில் ஒட்டிக் கிடந்தன.

எனக்கு வந்த ஆங்காரத்தை என்ன சொல்ல! செத்தும் வழியை மறிக்கிறீர்களே? அக்கா வீட்டுக்கு ஏறுகிற மலையில், உங்கள் மூஞ்சியைக் கொண்டே அடைக்கிறீர்களே? நடுரோட்டில் நின்று உங்களை வாய்க்கு வந்தபடி பேசினேன். வரையாடு ஓடிவிட்டது.

“அப்பாவ அவுக்கறதாங்கம்மா? அவரு முன்னால போகோணும்னுதானுங்க கட்டினேன்” என்று முருகேசன் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். தாடியில் நரை வந்தவன், அழுதேவிட்டான்.

“முன்னால போனது போதும் சாமி. உள்ள வந்து படுக்கட்டும்.”

தேங்காய் உடைக்கக் கொண்டு போன கொடுவாளால் கயிற்றை அறுத்தேன். முகத்தில் புழுதி அப்பிக் கிடந்தது. முந்தானையால் துடைத்தேன். பாசத்தில் துடைத்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம், கட்டில் மெத்தை அழுக்காகிவிடும் என்றுதான். சுருட்டிக் கட்டில்மேல் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தேன். முள் இறங்கியது. இறங்கிய முள் வால்பாறை வரைக்கும் பச்சையை விட்டு நகரவில்லை.

அதற்கப்புறம்தான் எனக்கு ஒன்று குடைய ஆரம்பித்தது. மருதமலை மாதிரிச் சின்ன மலைக்கு எதற்குங்க அவ்வளவு பெரிய கூலர்? அதை மாட்டின அன்றைக்கு லேத்துக்காரர், “இதப் போட்டா வால்பாறைக்கே ஏறலாமுங்களே” என்றார். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு நின்றீர்கள். அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. யாருக்காக மாட்டினீர்கள்? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லாததற்கெல்லாம் மன்னிப்புக் கொடுக்க என்னால் ஆகாது.

அக்காவைப் பலகையில் படுக்கவைத்து வண்டிக்குள் ஏற்றினோம். பக்கத்தில் கிடந்த சுருளைப் பார்த்து, “இதென்னடி?” என்றாள்.

“உங்க மாப்பள.”

“இத்தன வருசம் வாசல்ல கால் வெக்க உடாதவரு, இப்ப ஒரே கட்டில்ல படுக்கோணும்னு வந்துட்டாரா? நவுந்து படுக்கச் சொல்லு அவர!”

சிரித்த சிரிப்பில் அவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இறங்கும்போதும் கியரை ‘எல்’லிலேயே வைத்து, என்ஜின் இழுத்துப் பிடிக்க மெதுவாக வந்தோம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்டது. முள்ளையும் பார்த்தேன், அவளையும் பார்த்தேன். கழுத்து இன்னமும் வலிக்கிறது.

நம் வாசலில் முருகேசன் அவளைத் தூக்கப் போனான். “உடு சாமி. நானே மிதிக்கறேன்” என்றாள். என் தோளையும் கதவையும் பிடித்துக்கொண்டு, வலது காலை வாசலுக்குள் எடுத்து வைத்தாள். சுவரிலிருந்த உங்கள் போட்டோவைப் பார்த்து, “வந்துட்டேனுங்க மாப்பள. நான் மிதிச்சா நீங்க இருக்க மாட்டேன்னு சொன்னீங்க. சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க” என்றாள். அவளுக்கு எப்போதும் அதே வாய்தான். ஆனால் சொல்லி முடித்ததும் என் தோளில் அவள் பிடி இறுகியது. அழுதாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது முன்னறை அவளுடையது. காலையில் பாதி இட்லி சாப்பிட்டாள். நடப்பாளா, மாட்டாளா? டாக்டர் மழுப்புகிறார். மூச்சு விடுகிறாளா என்று நடக்க நடக்க எட்டிப் பார்க்கிறேன். “ஏண்டி பூனையாட்டச் சுத்தற, ஒக்காரு” என்று திட்டுகிறாள். எங்கே உட்கார? முள்ளைப் பார்த்துப் பழகிய கண், ஒன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் நிலைக்கிறது.

கொதித்த கியர் ஆயிலை வடித்துவிட்டுப் புதுசு ஊற்றச் சொல்லிவிட்டேன். முருகேசனுக்குத் தெரியாததல்ல, ஆனாலும் சொன்னேன்.

இதோ கூப்பிடுகிறாள். முடித்துக்கொள்கிறேன். உங்கள் மேலிருக்கிற கோபத்தை விட்டுவிடுவேன் என்று சொல்ல மாட்டேன், பொய்யாகிவிடும். ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். வருகிற அமாவாசைக்கு உங்களுக்கு இலை போடுவேன், உங்களுக்குப் பிடித்த பச்சைப்பயிறும் கடைந்து வைப்பேன். ஆனால் சோற்றை அக்காதான் பரிமாறுவாள், படுத்த வாக்கிலாவது அவள் கையால்தான். காக்கையாக வந்து அந்தக் கையிலிருந்து எடுத்துத் தின்னுங்கள். ரோசப்பட்டு வராமல் போனால், அடுத்த அமாவாசைக்கும் அதே கைதான்.

இப்படிக்கு,
கோபம் ஆறாவிட்டாலும் உங்களுக்கு இலை போட மறக்காத
உங்கள் ஊட்டுக்காரி,
ராமாத்தாள் தங்கச்சி