எட்டாம் வகுப்புக்கு நான் எழுதிய லீவு லெட்டர்

7.1.87
மகள் அம்சவள்ளிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். இன்றுதான் பள்ளிக்கூடம் போனாள். லீவு லெட்டரை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். "தமிழ்லயே எழுதினா போதும்னு டீச்சரம்மா சொன்னாங்களாம்" என்றாள் என் வீட்டுக்காரி பெரியநாயகி. அது மற்ற அப்பன்களுக்கு. நான் எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டே தடவையில் பாஸ் செய்தவன். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில், கரும்பு எடைபோடும் எடைமேடையில் தினமும் இங்கிலீஷில் சீட்டு எழுதுகிறேன். எழுதுவது முழுக்க நம்பர்தான், அது வேறு விஷயம்.

12.1.87
ஊரெல்லாம் காய்ச்சல். எட்டாம் வகுப்பே என் லெட்டரை வாங்கிப் பார்த்துத்தான் எழுதுகிறதாம், பேரை மட்டும் மாற்றி. "உன் லெட்டருக்குத்தாம்ப்பா கிராக்கி" என்றாள் மகள். எடைமேடையில் கூட வேலை பார்க்கும் ஆதிமூலத்திடம் சொன்னேன். டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

19.1.87
குழாயடியில் கேட்டுவந்து பெரியநாயகி சொன்னாள். வகுப்பில் ஒன்பது லெட்டர், ஒன்பதிலும் ஒரே தப்பு. 'சஃபரிங் வித் ஃபீவர்' என்று எழுதிவிட்டேன். அங்கே 'ஃப்ரம்' வர வேண்டுமாம். காய்ச்சலை ஏதோ பங்காளி மாதிரி கூடவே நடத்திக் கூட்டிப்போயிருக்கிறேன்.

"மொதல்ல எழுதினது யாரு?" என்று செவ்வந்தி டீச்சர் கேட்க, அம்சவள்ளி எழுந்து "நான்தான் டீச்சர்" என்றிருக்கிறாள். குடியரசு தினத்தில் இங்கிலீஷில் பேச இருந்தவள். ஒரு மாதமாக மனப்பாடம் செய்தாள். பேரை எடுத்துவிட்டார்கள்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சோறு மட்டும் வழக்கம்போல் இறங்கியது.

20.1.87
பள்ளிக்கூட கேட் வரை போய்த் திரும்பினேன். "டீச்சரைப் பாத்தீங்களா?" என்று பெரியநாயகி கேட்டாள். "லீவாம்" என்றேன். பொய்யிலாவது தப்பு வராமல் பேசுகிறேன்.

22.1.87
போய்ச் சொல்லிவிட்டேன். வகுப்பு வாசலில் நின்று, "அது நான் எழுதினதுங்க, பாப்பா மேல தப்பு இல்லீங்க" என்றேன். ஆலை இரைச்சலில் பேசிப் பழகிய தொண்டை. வகுப்பே திரும்பிப் பார்த்தது. அம்சவள்ளி மட்டும் குனிந்துகொண்டாள்.

டீச்சருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். "முன்னாடியே வந்திருக்கலாமேங்க. இப்ப அந்தப் பேச்சைத் தைலம்மாள் படிச்சிட்டா. அவகிட்டயிருந்து எப்படிப் புடுங்கறது?" நியாயம்தான்.

சாயங்காலம் அம்சவள்ளி, "ஏம்ப்பா போய் சொன்ன? நானே சமாளிச்சிக்கினு இருந்தேன்ல?" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் பேச்சே இல்லை.

26.1.87
தைலம்மாள் நன்றாகப் பேசினாள். வரிசையில் நின்ற அம்சவள்ளியின் உதடும் கூடவே அசைந்தது, கடைசி வரி வரைக்கும். நான் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாருக்காகப் போய்ச் சொன்னேன்? அவளுக்கா, என் மனசு லேசாகட்டும் என்றா? பேசும் இடம் அவளுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அவள் மூடிவைத்திருந்ததையும் திறந்து காட்டிவிட்டு வந்திருக்கிறேன் — பெரிய யோக்கியன்.

28.1.87
இன்றும் பேசவில்லை. தட்டை வைக்கிறாள், போகிறாள்.

31.1.87
எனக்கு ஊரில் பட்டப்பேர் வந்துவிட்டது. ஆலையிலிருந்து சைக்கிளில் வரும்போது பிள்ளைகள், "டேய், வித் மாமா வராருடா" என்று கத்தின. மணி அடித்துக்கொண்டே வந்தேன், வேறென்ன செய்ய? நம் வாசல் வரைக்கும் கேட்டிருக்கும். அதை நினைத்துத்தான் பயம்.

சைக்கிளை நிறுத்தினேன். உள்ளே அம்சவள்ளி குரல்.

"அம்மா, வித் மாமா வந்துட்டாரு. சோறு போடு."