பனி உடையும் வாரத்தில் எண்ணிய தலைகள்

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தை மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் நீ. நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

பிள்ளைகள் போதவில்லை என்று உத்தரவில் எழுதியிருக்கிறாய். உன் ஆள் தலை எண்ண வந்தது உறைந்த ஏரியில் பனி உடைகிற வாரத்தில். நடந்தால் உடையும், படகு விட்டால் முட்டும். அந்த வாரம் அக்கரைப் பிள்ளைகள் வீட்டோடு கிடப்பார்கள். கோட்டுப் போட்ட அந்த மகராசனுக்கு இது தெரியாது, போகட்டும். உனக்குமா தெரியாது? நீ படித்த காலத்தில் நம் வீடே அக்கரையில்தானே இருந்தது? போர்வைக்குள் சுருண்டுகொண்டு, "இன்னும் ரெண்டு நாள் உடையட்டும் அக்கா" என்று வேண்டிக்கொண்டவன் நீதானே?

போன வருடம் வந்தாயே, 'தலைமுறைகளை இணைப்போம்' என்று எழுதிய துணியை மேடையில் கட்டிக்கொண்டு. கிழடுகளுக்கு ஒரு போர்வை, பிள்ளைகளுக்கு ஒரு பேனா, நடுவில் நீ. படம் பிடித்ததும் கார் ஏறினாய். என் வாசலைத் தாண்டித்தான் போனாய். அந்தப் போர்வையை நாய்க்குப் போட்டேன், அதுவும் படுக்கவில்லை.

பள்ளிக்கூடம் இல்லாமல் போனால் இங்கே என்ன ஆகும் என்று உன் அலுவலகத்தில் யாருக்காவது தெரியுமா? ரொட்டிக்கடைக்காரர் சாமான் கட்டத் தொடங்கிவிட்டார். "பிள்ளைங்களை எங்கேயோ விட்டுட்டு நான் இங்க யாருக்கு மாவு பிசையறது அக்கா?" என்கிறார். நர்ஸம்மாவின் மகளும் இங்கேதான் படிக்கிறாள். அவர்களும் கிளம்பிவிட்டால் எங்களுக்கு ஊசி போட நீ வருவாயா? உனக்குப் போடத் தெரிந்தது கையெழுத்து ஒன்றுதான்.

பெஞ்சுகளை எடுத்துப்போக லாரி வந்தது. என் பெட்ரோல் பங்க்கைப் பூட்டிவிட்டு நான் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். முட்டி மடங்குகிற கிழம் எல்லாம் பின்னாலேயே வந்து உட்கார்ந்தது. "எழுந்திருங்கம்மா, பெஞ்சை ஏத்தணும்" என்றான் டிரைவர். "என்னையும் சேர்த்து ஏத்துப்பா. தலைநகரத்துல என் தம்பி இருக்கான், அவன் மேசை மேல இறக்கிடு" என்றேன். சிரித்தான், டீ குடித்தான், காலி வண்டியோடு போனான். மாதக் கடைசியில் போலீசோடு வருவானாம்.

அன்றிலிருந்து தினமும் அங்கேதான் இருக்கிறோம். டீச்சர் எங்களையும் வைத்துக்கொண்டே பாடம் நடத்துகிறார். உன்னைப் பள்ளிப் படகில் ஏற்றிவிட்டுத் திரும்பியதோடு என் படிப்பு முடிந்தது. மற்றதெல்லாம் ரொட்டி சுற்றி வந்த செய்தித்தாளில் நானே எழுத்துக் கூட்டியது. இப்போது ரொட்டிக்கடைக்காரரின் சின்ன மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "பெரியம்மா, காலை ஆட்டாதீங்க, எழுத்து கோணுது" என்று அதட்டுகிறாள். குறட்டை விட்டதற்காக நேற்று பழைய மெக்கானிக் மூலையில் நின்றார். துணி கட்டாமலே தலைமுறைகள் இணைந்துவிட்டன. வந்து படம் பிடித்துக்கொள்.

இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். பனி போய்விட்டது, படகு ஓடுகிறது. ஆளை அனுப்பாதே, தலை எண்ண வேண்டியது நீ. அக்கரையில் தொடங்கு, அந்தப் பிள்ளைகளோடு அதே படகில் ஏறி வா. உத்தரவைக் கிழிக்க வேண்டியதும் நீதான். அதுவரை சாமான் கட்டாமல் இருக்க வேண்டியது ரொட்டிக்கடைக்காரர், வாக்கு வாங்கிவிட்டேன். போலீசே வந்தாலும் பெஞ்சை விட்டு எழாமல் இருக்க வேண்டியது நாங்கள்.

உன் பழைய கட்டிலில் விறகு அடுக்கி வைத்திருக்கிறேன். அதை இறக்க வேண்டியது நான். என்றைக்கு என்று மட்டும் எழுது.

உன் அக்கா