பதினொரு சிவப்புப் பேனாக்கள்

உன் நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்ததும் உன் மகள் ஒரு பையை என் கையில் கொடுத்தாள். "அம்மா பீரோல இருந்துச்சு ஆன்ட்டி, எல்லாம் உங்களோடதுன்னு சொன்னாங்க." உள்ளே பதினொரு சிவப்புப் பேனாக்கள். அடிப்பாவி, பதினொன்று! ஒவ்வொரு முறையும் "வெள்ளிக்கிழமை தரேன்" என்று வாங்கிப்போனவை.

முதல் பேனாவை நீ வாங்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஏழாம் வகுப்பு மாதேஸ்வரி மீது அந்தச் சிவப்புப் பேனாவால்தான் மூன்றாவது புகார் எழுதிக்கொண்டிருந்தேன். தமிழ் பேசும் எல்லைக் கிராமமான கோபிநத்தத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். என் கன்னட வகுப்பில் தினமும் அவளுடைய ஜாமெட்ரி பாக்ஸ் தடாலென்று தரையில் விழும். நான் வெளியே நிற்கவைப்பேன். மறுநாளும் விழும். மூன்றாவது புகார் போனால் அப்பாவை வரவழைத்து டி.சி. கொடுத்துவிடுவார்கள். அவளுடைய படிப்பு அதோடு சரி. அது தெரிந்தும்தான் எழுதினேன். எனக்கு அவ்வளவு கோபம்.

பேனாவை வாங்கிக்கொண்டு சாவகாசமாகக் கேட்டாய், "பாக்ஸ் எப்ப விழுது?"

"என் பீரியட்லதான். வேணும்னே பண்றா."

"அது சரி. பீரியட்ல எப்ப?"

அதை நான் கவனித்ததே இல்லை. நீ கணக்கு டீச்சர், விடுவாயா? அந்த வாரம் முழுக்க உன் ஓய்வு நேரத்தில் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் நோட்டோடு வந்து உட்கார்ந்தாய். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை நோட்டைக் காட்டினாய். வரிசையாக எழுந்து பாடத்தை வாசிப்பது என் வகுப்பு வழக்கம். மாதேஸ்வரியின் முறைக்கு இரண்டு பேர் இருக்கும்போது, ஐந்து நாளும், பாக்ஸ் விழுந்திருந்தது.

"விழுந்ததும் அவளுக்கு என்ன கெடைக்குது பாரு. வெளிய போயிடறா, வாசிக்க வேண்டாம். நீ தண்டனைன்னு குடுக்கற. அவளுக்கு அது லீவு கணே," என்றாய். நம் 'டி' போல மைசூர்ப் பெண்கள் தோழிகளிடம் சொல்லும் 'கணே' போடாமல் உனக்குப் பேச வராது.

எனக்கு வெட்கமாகிவிட்டது. நானும் தமிழ் வீட்டுப் பெண்தானே. என் கன்னடத்தில் தமிழ் வாடை அடிக்கிறது என்று சிறுவயதில் சிரித்தார்கள் என்பதற்காகவே கன்னட டீச்சர் ஆனவள். பள்ளிக்கூடத்துக்குள் மறந்தும் ஒரு தமிழ் வார்த்தை பேசமாட்டேன். அன்று மதியம் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "சாப்டியாம்மா?" என்றேன். அவள் திகைத்துப் போனாள்.

"மிஸ், உங்களுக்குத் தமிழ் வருமா?"

பாக்ஸைப் பற்றிக் கேட்டேன். "நான் வாசிச்சா எல்லாருஞ் சிரிக்கறாங்க மிஸ். வெளிய நின்னா யாருஞ் சிரிக்கறதில்லீங்க."

அந்தப் புகார் போகவில்லை. தனித்தனியாக வாசிப்பதை நிறுத்தி, ஒரு வரிசை முழுக்கச் சேர்ந்து வாசிக்க வைத்தேன். மதியம் பத்து நிமிடம் அவள் எனக்கு மட்டும் வாசித்துக் காட்டினாள். பாக்ஸ் விழுவது குறைந்தது. நடுவில் இரண்டு முறை விழுந்தது, நான் வெளியே அனுப்பவில்லை. ஆண்டுப் பரீட்சைக்கு முன் ஒருநாள் தானாகவே எழுந்து நான்கு வரி வாசித்தாள். ஒரு பெண் சிரித்தாள். மாதேஸ்வரி நிறுத்தவில்லை. இப்போது காலேஜில் பி.யூ.சி. படிக்கிறாள். உன் அடக்கத்துக்கு வந்து மூலையில் நின்று அழுதாள்.

பேனாக்களை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு யோசித்தேன். உன்னிடம் பேனா இல்லாமலா இருந்தது? நான் கோபத்தில் எழுத உட்கார்ந்த நாட்களில் மட்டும்தானே வந்து கேட்டிருக்கிறாய். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் காரணம் தேடிய நான், இத்தனை வருடம் உன் காரணத்தைத் தேடவே இல்லை.

இன்று ஸ்டாஃப் ரூமில் சயின்ஸ் மிஸ் ஒரு பையனைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினார். என் பையில் உன் பதினொரு பேனாக்களும் இருந்தன. எழுந்து அவரிடம் போனேன்.

"மிஸ், அந்தச் சிவப்புப் பேனாவைக் கொஞ்சம் குடுங்களேன். வெள்ளிக்கிழமை தரேன்."